எங்கும் புங்கன் ஏன்? மலிவு விலை மரக்கன்றுகளின் நாற்றங்கால் கணக்கு

மழைக்காலம் நெருங்கினால் ஊருக்கு ஊர் மரக்கன்று விற்பனைப் பந்தல் போடுகிறார்கள். கன்று 3 ரூபாய், 5 ரூபாய், 10 ரூபாய். சில இடங்களில் சும்மாவே கிடைக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் புங்கன், நீர்மருது, வேம்பு, பூவரசு, தேக்கு, மகோகனி. அடுத்த ஊர்ப் பந்தலிலும் இதே ஆறுதான். "இலுப்பை இருக்குங்களா?" என்று கேட்டால் "அடுத்த தடவை வரும்ங்க" என்பார்கள். அடுத்த தடவையும் வராது.

இதில் நாற்றங்கால்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மரம் எந்த மாதத்தில் காய்க்கிறது, மழை எந்த மாதத்தில் வருகிறது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். ஊரில் என்ன மரம் நிற்கப்போகிறது என்பதை வாங்குகிறவர் தீர்மானிப்பதில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் விதை பொறுக்கப் போன ஆள் தீர்மானித்து முடித்துவிடுகிறார்.

தமிழ்நாட்டு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அதாவது 48 விழுக்காடு, வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரியின் மேற்குச் சரிவு, வால்பாறை போன்ற தென்மேற்குப் பருவப் பகுதிகளைத் தவிர்த்தால், நடவுக்கு உரிய காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும்தான். அக்டோபர் முதல் வாரத்தில் கன்று வாங்குகிறவர் கைக்குப் போக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

புங்கன் நெற்று பங்குனி முதல் வைகாசி வரை கிடைக்கும். விதைக்கு எந்த நேர்த்தியும் வேண்டாம். உடைத்து எடுத்துப் பையில் ஊன்றினால் இரண்டு வாரத்தில் முளை. புரட்டாசியில் ஐந்து, ஆறு மாதக் கன்று, முழங்கால் உயரம், பென்சில் தடிமன். 13×25 செ.மீ. பை இந்த வயதுக்குச் சரியாக இருக்கும். இலையை ஆடு மாடு அவ்வளவாகத் தொடாது என்பது கூடுதல் வசதி. நீர்மருதின் காயும் கோடையில்தான் முற்றும். இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் போட்டால் பாதிக்கு மேல் முளைக்கும், அதுவும் ஐப்பசிக்குத் தயார்.

இப்போது வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது. விதைக்கு உயிர் இரண்டு மூன்று வாரம்தான், அடுத்த தை வரை மூட்டையில் கட்டி வைக்கலாம் என்ற பேச்சே இல்லை. உதிர்ந்த கையோடு போட்டாலும் ஐப்பசியில் மூன்று மாதக் குஞ்சு, ஒரு சாண்கூடத் தேறாது. நாவலும் இலுப்பையும் இதே கதை. நாவல் விதை காய்ந்தால் செத்தது, இலுப்பை விதை சில வாரத்தில் முளைப்புத்திறனை இழந்துவிடும், வளர்வதும் மெதுவாக. ஆக, இவற்றை அடுத்த ஆண்டு ஐப்பசி வரை, 15 மாதம் நாற்றங்காலில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஒரு முழுக் கோடைத் தண்ணீர், களை, பெரிய பைக்கு மாற்றம், ஆள்கூலி. புங்கனைப் போல மூன்று மடங்கு காலம். ஆனால் பந்தலில் இரண்டுக்கும் ஒரே விலைப் பலகை. 5 ரூபாய்க்கு விற்கச் சொன்னால் எவரும் புங்கன்தான் போடுவார். வேம்பு பந்தலில் இருப்பதற்குக் காரணம் கேட்பவர் அதிகம் என்பதுதான். இருப்பதில் பெரும்பாலானவை போன வருடத்துக் கன்றுகள், வேர் எந்த நிலையில் இருக்கிறது என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருவோம்.

மலிவும் வகையும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. மலிவு விலை கொடுக்கும் அவகாசம் ஐந்து மாதம். பல வகை மரங்கள் கேட்பது பதினைந்து. இந்தப் பத்து மாத வித்தியாசத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதற்கு விடை கண்டுபிடித்த ஊரில் மட்டுமே இலுப்பை விற்கிறது.

ஒரே மரம் நின்றால் என்ன கெட்டுப்போகும்?

1981-இல் ஸ்வீடன் நாட்டு நிதியுதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டு ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் கருவேலம் வளர்த்தார்கள். விறகு கிடைத்தது, ஊராட்சிக்கு ஏலப் பணமும் வந்தது. அந்த நோக்கத்துக்கு அது தவறில்லை. ஆனால் ஒரே வயது, ஒரே இனம், ஒரே நாளில் வெட்டு என்றால் அது விறகுப் பயிர். நிழலுக்கும் பறவைக்கும் பழத்துக்கும் ஊர் மரம் வளர்ப்பது வேறு வேலை.

ஒற்றை மர நடவின் விலையைப் புயல்கள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. 2018 நவம்பர் 16-இல் கஜா கரையேறியபோது பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் விழுந்தது தென்னை மட்டுமில்லை. தென்னையைத் தவிர வேறெதுவும் வைக்காத குடும்பங்களின் வருமானம் ஒரே இரவில் போனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2016 டிசம்பர் 12-இல், வர்தா சென்னைத் தெருக்களில் மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி மரங்களை வரிசையாகச் சாய்த்தது. வேகமாக வளரும், பூ அழகாக இருக்கும் என்று தெருத்தெருவாக வைத்தவை அவை.

நோய் இன்னும் மோசம், அது கிளையைப் பார்ப்பதில்லை, இனத்தைப் பார்க்கிறது. அமெரிக்க நகரங்களில் எல்ம் மரங்கள் பூஞ்சை நோயில் அழிந்தன. அந்த இடங்களில் பல ஊர்கள் ஆஷ் மரத்தை வரிசையாக வைத்தன. 2002-இல் டெட்ராய்ட் பக்கம் ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, அது ஆஷ் மரத்தின் பட்டைக்கடியில் துளைத்துக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. ஒரே தவற்றை இரண்டு முறை செய்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2021-இல் தெலங்கானாவில் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தன, போமாப்சிஸ் என்ற பூஞ்சை காரணம். வேம்பு பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிட்டது என்பது நம் அதிர்ஷ்டம்.

இதற்கு அமெரிக்க மரவியலாளர் சாண்டமோர் 1990-இல் ஒரு கைக்கணக்குச் சொன்னார்: ஓர் ஊரின் மரங்களில் ஓர் இனம் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம், ஒரு பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) 20-க்கு மேல் வேண்டாம், ஒரு குடும்பம் (உறவுள்ள பேரினங்களின் கூட்டம்) 30-க்கு மேல் வேண்டாம். இதை நம்மூர்ப் பந்தலில் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். புங்கன், வாகை, தூங்குமூஞ்சி, புளி, சரக்கொன்றை, மயில்கொன்றை, இயல்வாகை, கருவேல். எட்டு மரம், எட்டுப் பெயர், எட்டு விதப் பூ. தாவரவியல் கணக்கில் எட்டும் ஒரே அவரைக் குடும்பம். "எட்டு வகை வைத்தோம்" என்று பெருமையாகச் சொல்லும் ஊரில் குடும்பக் கணக்கு நூற்றுக்கு நூறு.

எண்ணிக்கையில் மட்டுமல்ல, விதைக்குள்ளும் வகை வேண்டும். கோயில் வாசல் இலுப்பை ஒன்றிலிருந்து பொறுக்கிய விதையில் 2,000 கன்று போட்டால், அவ்வளவும் ஒரு தாயின் பிள்ளைகள். ஓர் இனத்துக்கு 25, 30 தாய்மரம், ஒன்றுக்கொன்று 100 மீட்டராவது தள்ளி நிற்பவை, ஒவ்வொன்றிலிருந்தும் சம அளவு விதை. இதுதான் விதை சேகரிப்பின் அடிப்படை. சாலையோரத்தில் கூட்டிப் பெருக்கிய மூட்டையில் இது இருக்காது. அரிய மரங்களுக்குத் தாய்மரம் தேடினால் கடைசியில் கோயில் காட்டில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும். மரக்காணம் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அப்படி ஒன்று. சோழமண்டலக் கரையின் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சியிருக்கும் துண்டு அது. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் செம்மண் பொட்டலைக் காடாக்கியவர்களும் உள்ளூர் மரங்களின் விதைக்கு இத்தகைய துண்டுகளைத்தான் நாடினார்கள். பாலை, வீரை, காயா போன்ற மரங்களின் பெயரே பந்தலில் பலருக்குத் தெரியாது, பிறகெப்படிக் கேட்பார்கள்?

விதை பேசும் பாஷை

வகை குறைவதற்கு இன்னொரு காரணம் முளைக்காத விதை. ஒருமுறை போட்டுப் பார்த்து, முளைக்கவில்லை என்று கைவிட்ட மரங்கள் பல. பெரும்பாலும் பிழை நேர்த்தியில்தான்.

வாகை, உசில், சரக்கொன்றை, கருவேல் விதைகளுக்குக் கெட்டித் தோல். தண்ணீர் உள்ளே போகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போல ஐந்து பங்கு ஊற்றி, அப்படியே ஆறவிட்டு மறுநாள் காலை பார்க்க வேண்டும். ஊதிப் பருத்த விதை மட்டும் விதைக்க உகந்தது. பருக்காததைப் பிரித்து மறுபடி ஒருமுறை. அடுப்பின் மேலேயே விதையைப் போட்டுக் கொதிக்கவிடுகிறவர்கள் உண்டு. அது சுண்டலுக்கு ஆகும், முளைக்கு ஆகாது.

தேக்குக் கொட்டைக்குப் பகலில் வெயில், இரவில் தண்ணீர் என்று ஒரு வாரத்துக்குக் குறையாமல் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். புன்னையை ஓட்டோடு போட்டால் இரண்டு மாதம் காக்க வைக்கும். உள்பருப்பு அடிபடாமல் ஓட்டை உடைத்து எடுத்தால் மூன்று வாரம். வேங்கைக்கு நெற்றின் ஓரச் சிறகை வெட்டி ஊறவைத்தாலும் முளைப்பு சுமார்தான், எனவே தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு விதைக்க வேண்டும். நாவலில் நேர்மாறு, ஒரு விதையிலிருந்தே இரண்டு மூன்று முளை வரும். ஒன்றை விட்டு மற்றதைப் பிரித்துத் தனிப் பைக்கு மாற்றலாம், தயங்கவே வேண்டாம்.

ஆலும் அரசும் அத்தியும் பொடி விதை, பறவை வயிற்றில் போய் வந்தால் சுலபமாக முளைக்கும். ஆலுக்கு எளிய வழி போத்து. மணிக்கட்டுத் தடிமனில் ஆறேழு அடிக் கிளையை மழைக்காலத்தில் இரண்டடி ஆழம் நட்டுவிடுவது. பூவரசுக்கும் இதுதான். அரசுக்கு பழைய கட்டடச் சுவரில் முளைத்த கன்றை வேர் அறாமல் எடுத்துப் பையில் தேற்றிக்கொள்கிறார்கள். சுவருக்கும் நல்லது.

பனையைப் பையில் வளர்த்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராமல் முதலில் கீழே இறங்கும். பனங்கிழங்கு பிடுங்கியவர்களுக்கு அந்த ஆழம் தெரியும். பை அதற்கு இடம் கொடுக்காது. ஆடி, ஆவணியில் பழம் விழும்போது கொட்டையைச் சேர்த்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவதுதான் முறை. விற்பனைப் பந்தலில் பனை இருக்க வேண்டுமென்றால் கொட்டையாகத்தான் மூட்டையில் இருக்க வேண்டும்.

சந்தனம் தனி வழக்கு. அது தன் வேரால் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சத்து உறிஞ்சுகிற மரம். நாற்றங்கால் பையிலேயே பொன்னாங்கண்ணி போல ஒரு துணைச்செடி வேண்டும், நட்ட பிறகு துவரை, அகத்தி, பிறகு சவுக்கு மாதிரி நீண்டநாள் துணை வேண்டும். துணையில்லாத சந்தனக் கன்று பந்தலில் பச்சையாகத்தான் நிற்கும், வயலில் மஞ்சளாகி நின்றுபோகும். இதோடு, வெட்டி விற்பது வனத்துறை வழியாகத்தான் முடியும் என்பதையும் விற்பவர் சொல்லித்தான் விற்க வேண்டும். பாதிப் பேர் சொல்வதில்லை.

பைக்குள் நடப்பது

நாற்றங்கால் கலவை செம்மண் இரண்டு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. 13×25 பை ஏறக்குறைய 1.2 லிட்டர் கொள்ளும். 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் கலவையில் 2,200 பை அளவில் நிரப்பலாம். எரு மக்காமல் இருந்தால் பைக்குள் சூடேறி முளை வெந்துவிடும், வெள்ளைப் புழுவும் சேர்ந்து வரும்.

உண்மையான சிக்கல் ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்குகிறது. ஆணிவேர் பையின் அடியைத் தொட்டு, போக இடமின்றிச் சுருள ஆரம்பிக்கும். சில வேர் துளை வழியே தரைக்குள் இறங்கிவிடும். இதைத் தடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பைகளை இடம் மாற்றி, உயரம் பார்த்துத் தரம் பிரித்து அடுக்க வேண்டும். இது கூலி பிடிக்கும் வேலை, மலிவு விலையில் முதலில் அடிபடுவதும் இதுதான். 15 மாதக் கன்று என்றால் எட்டாவது மாத வாக்கில் 16×30 பைக்கு மாற்றியே ஆக வேண்டும். விற்பனைக்கு முந்தைய ஒரு மாதம் நிழல்வலையை எடுத்துவிட்டு, தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்க வேண்டும். நிழலில் வளர்ந்த தளதள கன்று வயலில் இரண்டே நாளில் துவண்டுவிடும்.

வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய சோதனை எளிது. பையைப் பிடித்துத் தூக்குங்கள். தரையோடு ஒட்டிக்கொண்டு "பட்" என்று அறுந்து வந்தால், உணவு எடுத்துக்கொண்டிருந்த வேர் தரையிலேயே தங்கிவிட்டது என்று பொருள். ஐம்பது கன்று வாங்கினால் ஒன்றின் பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல நாற்றங்கால்காரர் முகம் சுளிக்க மாட்டார். அடியில் பிரிமணை போல வேர் சுற்றியிருந்தால் அந்த அடுக்கையே விட்டுவிடுங்கள். உயரத்தைப் பார்க்காதீர்கள், அடித்தண்டின் தடிமனைப் பாருங்கள். சின்னப் பையில் நான்கடி வளர்ந்து குச்சிபோல நிற்பதைவிட, இரண்டடியில் பென்சில் தடிமனில் நிற்பது எவ்வளவோ மேல். ஆறடிக் கன்று போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். சுருண்ட வேரோடு வாங்கித் தொலைத்தாகிவிட்டது என்றால், நடும்போது மண் கட்டியின் அடியில் இரண்டு விரல் கனத்தை அறுத்தெறிந்து, பக்கவாட்டில் இரண்டு கீறல் போட்டால் ஓரளவு பிழைக்கும். அப்படியே வைத்தால் ஐந்தாறு வருடம் நன்றாக வளர்ந்து, ஒரு புயலில் வேர் முடிச்சோடு சாயும்.

அமெரிக்காவில் மாவட்ட மண்வளப் பாதுகாப்பு அமைப்புகள் வருடாவருடம் நடத்தும் மர விற்பனையில் இந்தப் பைச் சிக்கலே கிடையாது. குளிர்காலத்தில் மரம் இலையுதிர்ந்து உறங்கும்போது மண்ணில்லாத வெறும் வேரோடு பிடுங்கி, 25 கன்றுக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். எடை இல்லை, லாரிச் செலவு இல்லை. நம் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உறக்கம் இல்லாததால் இது இங்கே செல்லாது. தேக்கு முக்கியமான விதிவிலக்கு, ஒரு சாண் வேரும் இரண்டு விரல் தண்டுமாக வெட்டிய நாற்றுக்குச்சி போதும், மூட்டையில் கட்டி எடுத்துப் போகலாம். தேக்கு பந்தலில் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

மற்றவைக்கு மண்ணையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். ஈரப் பை ஒன்று ஒன்றரைக் கிலோ. முக்கால் டன் ஏற்றும் குட்டியானையில் 500 கன்றுதான் போகும். 16×30 பை என்றால் 250. கன்று விலை 5 ரூபாய், ஆனால் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு வண்டி வாடகையைக் கன்றுக்குப் பிரித்துப் பார்த்தால் வாடகையே விலையைத் தாண்டிவிடலாம். இதனால்தான் மாவட்டத்துக்கு ஒரு பெரிய நாற்றங்காலைவிட, ஒன்றியத்துக்கு ஒன்றாக 10,000 கன்று வளர்க்கும் சின்ன நாற்றங்கால்கள் நல்லது என்று தோன்றுகிறது. உள்ளூர்த் தாய்மரத்தின் விதையும் அப்போதுதான் உள்ளூரிலேயே நிற்கும்.

விலை யாருக்கு, எவ்வளவு

இலவசமா, விலையா என்ற வாதம் பழையது. இலவசக் கன்று வேண்டியதைவிடக் கூடுதலாக வாங்கப்படும், குழி வெட்டுவதற்கு முன்பே வாங்கப்படும். வீட்டு வாசலில் பையோடு காயும் கன்றுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அதற்காக விலையை ஏற்றினால் வேறு கோளாறு வரும், காசு கொடுத்தவர் காசு தரும் மரத்தைத்தான் கேட்பார், எல்லாரும் மகோகனிக்கும் செம்மரத்துக்கும் நிற்பார்கள். 2019-இல் தொடங்கிய ஈஷாவின் காவேரி கூக்குரல் இயக்கம் 3 ரூபாய்க்குக் கன்று கொடுத்து விவசாயிகளை மரம் வளர்ப்பின் பக்கம் திருப்பியதற்கும் தடி மர வருமானம்தான் தூண்டில். வேளாண்காட்டுக்கு அது நியாயமான வழி. ஏரிக்கரைக்கும் பள்ளிக்கூட வளாகத்துக்கும் அதே பட்டியல் ஆகாது.

நடைமுறையில் வேலை செய்யும் வழி, தடி மரத்தின் லாபத்தில் மெதுவான மரத்தைத் தாங்குவது. தேக்கு, குமிழ், மலைவேம்பு வாங்குகிறவரிடம் அடக்க விலைக்கு மேல் கொஞ்சம் வைக்கலாம், அவர் பத்து வருடத்தில் காசு பார்க்கப்போகிறவர். மலைவேம்பு விதை முளைப்பது மிகக் குறைவு, நல்ல கன்றெல்லாம் தண்டுத் துண்டிலிருந்து எடுப்பது, எனவே அதன் விலை எப்படியும் கூடுதல்தான். அந்த உபரி இலுப்பையின் கூடுதல் பத்து மாதத்துக்குப் போகும். பந்தலில் இரண்டும் ஒரே விலையில் நிற்கலாம்.

இரண்டாவது வழி, ஒற்றை இனமாக விற்காமல் கட்டாக விற்பது. செம்மண் மானாவாரி நிலத்துக்கு 20 கன்றுக் கட்டு ஒன்று இப்படி அமையும்: வேம்பு, இலுப்பை, மகிழம், நாவல், நெல்லி, வெப்பாலை, நுணா, ஆச்சா, உசில், வாகை, ஒவ்வொன்றிலும் இரண்டு. இனம் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு. உசிலும் வாகையும் ஒரே பேரினம், ஐந்தில் ஒரு பங்கு. அவற்றோடு ஆச்சாவும் அவரைக் குடும்பம், மொத்தம் 30 விழுக்காடு. சாண்டமோர் கணக்கு இம்மி பிசகாமல் உட்கார்ந்துவிடுகிறது. நாவலைத் தண்ணீர் தேங்கும் மூலையில் வைக்கச் சொல்லுங்கள், மேட்டில் அது தவிக்கும். வாய்க்கால் கரைக் கட்டு என்றால் நீர்மருது, நாவல், இலுப்பை, நீர்க்கடம்பு. கடற்கரை மணலுக்குப் புன்னையும் பூவரசும் முதலில். புங்கனை விரட்ட வேண்டியதில்லை, வாகைக்குப் பதிலாக அதற்கும் இரண்டு இடம் கொடுங்கள். பச்சைச் சுவர்போல வேகமாக வளருகிறது என்று கோனோகார்ப்பஸ் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிடலாம். குஜராத் அரசு 2023-இல் அதை நடவே தடை விதித்தது.

பிழைத்த கன்றுக்குக் காசு என்ற முறையும் இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டு வேளாண் துறை 2021-22-இல் கொண்டுவந்த நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்போரம் என்றால் ஹெக்டேருக்கு 160, வயல் முழுக்க என்றால் 500 கன்று இலவசம். பிழைத்து நிற்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 7 ரூபாய் என மூன்று ஆண்டு ஊக்கத்தொகை. கன்றின் விலையைவிட நிற்கும் மரத்துக்கு மதிப்பு வைத்த இந்த ஏற்பாடு சரியான திசை. ஊர்ச் சங்கங்கள் இதையே சின்னதாகச் செய்யலாம், முதல் கோடை தாண்டிய கன்றுகளைக் காட்டுகிறவருக்கு அடுத்த ஆண்டுக் கட்டு பாதி விலை என்று.

ஏனென்றால் செலவு கன்றில் இல்லை. 500 கன்று, 5 ரூபாய் வீதம் 2,500 ரூபாய். கோடையில் கன்றுக்கு ஒரு நேரம் 10 லிட்டர், வாரம் இருமுறை. ஒரு சுற்றுக்கு 5,000 லிட்டர், அதாவது ஒரு டிராக்டர் டேங்கர் நடை. மாசிக் கடைசியிலிருந்து ஆனி நடு வரை 16 வாரம் என்றால் 32 நடை. உங்கள் ஊர் டேங்கர் விலையை 32-ஆல் பெருக்கிப் பாருங்கள். கிணறோ போரோ இல்லாத இடத்துக்கு 500 கன்று விற்பது பாவம், 50 விற்றால் போதும். தண்டைச் சுற்றி அரை மீட்டர் வட்டப் பாத்தியும், தண்டிலிருந்து ஒரு கை தள்ளி இலைச்சருகு மூடாக்கும் இருந்தால் பத்து லிட்டர் இரண்டு நாளாவது கூடுதலாக நிற்கும்.

ஜூன் 5-இல் நடப்படும் கன்றுகளின் கதியும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ராமநாதபுரத்தில் அன்று நட்டால் மழைக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும், அத்தனையும் டேங்கர் தண்ணீர். உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு விழா வேண்டுமென்றால் அன்றைக்குக் குழி வெட்டலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, குழி வெயிலில் காய வேண்டும், முதல் மழைக்கு அரைக்குழி மேல்மண்ணும் எருவும் நிரப்ப வேண்டும்.

நடவில் நடக்கும் பிழைகள் ஊருக்கு ஊர் ஒன்றேதான். பையோடு நட்டுவிடுவது, பையை உருவும்போது மண் கட்டி உடைவது, பையில் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைப்பது, தாங்குகுச்சியில் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு மறந்துபோவது. கடைசியது இரண்டாம் வருடத்தில்தான் தெரியும், தண்டு கயிற்றைச் சுற்றிப் பருத்து, அந்த இடத்திலேயே காற்றில் முறியும். வாழைநாரால் எட்டு வடிவில் தளரக் கட்டினால் அதுவே இற்றுப்போகும். இரும்புக் கூண்டும் அப்படித்தான், மூன்றாம் வருடம் கழற்ற ஆள் இல்லையென்றால் மரத்துக்கே விலங்கு.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக இலக்கு வைத்திருக்கிறது. கோடிக்கணக்கில் கன்று தேவைப்படும் நேரத்தில் ஐந்து மாதக் கன்றின் பக்கம் சாய்வது எல்லா நாற்றங்காலுக்கும் இயல்பு. அதைத் திருப்ப ஊர்ச் சங்கத்தின் கையில் இருக்கும் கருவி ஒரு நாற்பது பக்க நோட்டுதான். பெயர், சர்வே எண், மண் வகை, தண்ணீர் எங்கிருந்து, வேலி உண்டா, எத்தனை கட்டு, பாதிப் பணம் முன்பணம். நூறு பேர் 20 கன்றுக் கட்டு கேட்டிருந்தால் இலுப்பை 200 தேவை, சேதாரத்துக்கு 50 சேர்த்து 250. முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்றங்கால்காரரிடம் 250 இலுப்பை போடச் சொன்னால் அவர் போடுவார், மீந்துபோகும் என்ற பயம் இல்லை. நோட்டை மட்டும் சரியான மாதத்தில் திறக்க வேண்டும். ஆனியில் இலுப்பைப் பழம் உதிரத் தொடங்கும்போது திறக்கிற நோட்டு அந்த ஆண்டு ஐப்பசிக்கானது இல்லை, அடுத்த ஆண்டு ஐப்பசிக்கானது.